தொரட்டிக்குப் பதிலாக வாங்கிய இரண்டு கம்புகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாங்கியது இரண்டு கம்பு. முதலாவது ஆன்லைனில் வந்தது. அலுமினியம், ஒன்றுக்குள் ஒன்று போகும் மூன்று குழாய், “12 அடி” என்று போட்டிருந்தார்கள், மாங்காய் பறிக்கும் வலையோடு சேர்த்து 1,350 ரூபாய். இரண்டாவது எங்கள் ஊர் ஹார்டுவேர்ஸ் கடையில் வாங்கியது. மஞ்சள் நிற ஃபைபர், 16 அடி, பேரம் பேசி 3,400. முதல் கம்பு இப்போது ஒட்டடை அடிக்கிறது, இரண்டாவது மாங்காய் பறிக்கிறது. வாங்கும்போது நான் போட்ட கணக்கு வேறு.

நான் டெலிபோன் லைன்மேனாக இருந்தவன். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.-லிருந்து ஒரே நாளில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்த 78 ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவன். அதற்கு முந்தைய முப்பது வருஷமும் மூங்கில் ஏணி, போஸ்ட், வீடுகளுக்கு லைன் பிரிகிற டி.பி. பெட்டி, அங்கிருந்து வீட்டுக்குப் போகும் டிராப் ஒயர் என்றே போனது. ஏணியின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். ஆகவே உயரத்தில் இருக்கும் ஒன்றை எட்டுவது பற்றி எனக்குக் கொஞ்சம் அபிப்பிராயம் உண்டு. மூட்டுதான் போய்விட்டது. போன வருஷம் மாடிப்படியிலிருந்து இறங்கும்போது இடது முட்டி மடக்கென்று ஒரு சத்தம் போட்டது. அன்றைக்கு வீட்டுக்காரி ஏணியைத் தூக்கி அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கேட்டால், “அவனுக்கு வெள்ளையடிக்கணுமாம்” என்றாள். ஏணி இன்னும் திரும்பி வரவில்லை.

எங்களுக்கு ராஜபாளையம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சப்பட்டை மா, ஒரு முருங்கை, ஒரு குட்டைத் தென்னை. சப்பட்டைக்கு உள்ளூரில் இருக்கிற மவுசு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பங்கனபள்ளியைப் பக்கத்தில் வைத்தாலும் எங்கள் வீட்டில் கை சப்பட்டைக்குத்தான் போகும். இத்தனை வருஷமும் அதை அப்பா காலத்துத் தொரட்டியால்தான் பறித்தோம். பதினாலு அடி மூங்கில், நுனியில் கொல்லப்பட்டறையில் அடித்து வாங்கிய கொக்கி. கொக்கியை மாட்டி வெடுக்கென்று இழுத்தால் காய் கீழே விழும். சாக்கை நான்கு மூலையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்பார்கள். பிடித்தால் உண்டு. தரையில் விழுந்த காய் பார்ப்பதற்கு ஒன்றும் ஆகாத மாதிரியே இருக்கும். பழுக்கப் போட்ட மூன்றாம் நாள் அடிபட்ட இடம் கொழகொழவென்று ஆகி, பக்கத்தில் இருக்கும் நல்ல காயையும் கெடுக்கும். போன சித்திரையில் சாக்குப் பிடிக்கவும் ஆள் இல்லை. மகனும் மகளும் வெளியூரில். அப்படித்தான் ஆன்லைனில் தேட ஆரம்பித்தேன்.

முதல் கம்பு அட்டைப்பெட்டியில் வந்தது. எடை ஒரு கிலோவும் கொஞ்சமும்தான், கையில் எடுத்தால் பூப்போல இருந்தது. பழக்கதோஷத்தில் டேப் வைத்து அளந்தேன். முழுக்க நீட்டினால் 11 அடி 1 அங்குலம். மூன்று குழாயின் நீளத்தையும் தனித்தனியாக அளந்து கூட்டிப் பார்த்தால் 12 அடிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கிற பகுதியைக் கழிக்காமலே விற்கிறார்கள் போலிருக்கிறது. சரி, துணிக்கடையில் முழம் போடுவதில்லையா என்று விட்டுவிட்டேன்.

பூட்டு, திருகுகிற மாதிரி. உள்குழாயின் அடி முனையில் ஒரு பிளாஸ்டிக் கட்டை இருக்கும். அதன் அச்சு நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கியிருக்கும். குழாயைத் திருகினால் கட்டை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் வெளிக்குழாயின் உள்சுவரை நெருக்கும். அந்த நெருக்கல்தான் பூட்டு. வேறு ஆணி, துளை, பித்தான் எதுவும் கிடையாது. இதைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் காலை ஏழு காய் அழகாக வந்தது. வலையின் வாயில் இரும்பு வளையம், அதில் பல் பல்லாக ஒரு சீப்பு. காம்பைப் பல்லுக்கு நடுவில் கொண்டுவந்து கொஞ்சம் கீழே இழுத்தால் காய் வலைக்குள் விழுந்துவிடும். பேரன் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தான். எட்டாவது காய் நல்ல காய், கிளையின் கவட்டையில் சிக்கியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். க்ளக் என்று ஒரு சத்தம். கையில் கனம் குறைந்தது. பார்த்தால் என் கையில் இரண்டு குழாய்தான் இருக்கிறது. மூன்றாவது குழாய், வலை, வலைக்குள் ஏற்கெனவே விழுந்த ஏழாவது காய் எல்லாம் மரத்தில் தொங்குகின்றன.

பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, மாங்காயைப் பறிச்சீகளா, மரத்துக்குக் கம்பு கொடுத்தீகளா?” என்றார்.

ஒன்றரை நாள் அது அங்கேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் கொட்டிலில் கிடந்த அப்பாவின் தொரட்டியை எடுத்து, அதன் கொக்கியால் வளையத்தை மாட்டி இறக்கினேன்.

இங்கேதான் இந்தப் பொருளைப் பற்றி நான் சொல்ல வந்தது இருக்கிறது. நீளும் கம்பு என்று கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை தள்ளுவதற்காகச் செய்தவை. பெயிண்ட் உருளை, கண்ணாடி துடைப்பான், ஒட்டடைத் தூரிகை எல்லாமே சுவரை நோக்கி அழுத்துகிற வேலை. அழுத்தும்போது உள்குழாய் வெளிக்குழாய்க்குள் போகத்தான் பார்க்கும். பூட்டு நழுவினால் கம்பு கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். மாங்காய் பறிப்பதும் கிளை அறுப்பதும் இழுக்கிற வேலை. கிளை அறுக்கும் ரம்பத்தின் பல்லே கீழ்ப்பக்கம் பார்த்துத்தான் இருக்கும், இழுக்கும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது குழாய்கள் பிரியத்தான் பார்க்கும். பூட்டு நழுவினால் மேலே இருக்கிற பாகம் தனியாகக் கழன்று தலைமேல் வரும். என் தலைக்கு வராமல் மரத்தில் மாட்டிக்கொண்டது என் நல்ல நேரம். ரம்பம் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் தொரட்டி ஒரே மூங்கில், பிரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

விற்பவர்கள் இதைப் பிரித்துச் சொல்வதே இல்லை. ஒரே படத்தில் ஒரே கம்பை வைத்து ஜன்னல் துடைக்கிறார்கள், மாங்காய் பறிக்கிறார்கள், பல்பு மாட்டுகிறார்கள்.

பல்பு என்றதும் இன்னொன்று. மாடிப்படி வளைவில் எங்களுக்கு ஒரு பல்பு உண்டு, ஸ்டூல் போடவும் முடியாது, கையும் எட்டாது. அதற்கென்று கம்பி விரல்கள் வைத்த ஒரு தலைப்பாகத்தை 220 ரூபாய்க்கு வாங்கி இந்த அலுமினியக் கம்பில் மாட்டினேன். நம் ஊர் பல்பில் இரண்டு பின் இருக்கும், மேலே அழுத்திக்கொண்டே இடதுபக்கம் திருப்பினால்தான் கழலும். நான் திருப்பினேன். பல்பு அசையவில்லை, கம்பின் பூட்டு கழன்றுவிட்டது! அதுவும் இடதுபக்கம் திருப்பினால் கழலுகிற பூட்டுதானே. மேலே அழுத்திக்கொண்டு வேறு இருந்தேனா, கம்பு மூன்றடி உள்ளே போய்விட்டது. திருகுப் பூட்டு உள்ள கம்பில் திருகுகிற வேலை எதையும் செய்ய முடியாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு 220 ரூபாய் கொடுத்த பிறகு தெரிந்தது.

பூட்டு ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று நானே ஒரு வைத்தியமும் பார்த்தேன். திருகும்போது கரகரவென்று இருந்ததால் இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். முப்பது வருஷம் கருவி பிடித்தவன் செய்கிற காரியமா இது? நெருக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் விட்டால் எப்படிப் பிடிக்கும்? அப்புறம் குழாயை முழுவதும் பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினேன். பழைய நிலைக்கு வந்தது. யாராவது இந்த வகைக் கம்பு வைத்திருந்து அது நழுவினால் முதலில் இதைச் செய்து பாருங்கள். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போனாலே பாதி சரியாகிவிடும். பிளாஸ்டிக் கட்டை தேய்ந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் பத்து நாள் கெடு தாண்டிவிட்டது. விற்றவருக்குச் செய்தி போட்டேன். “கம்பை மென்மையாகப் பயன்படுத்தவும்” என்று பதில் வந்தது. மாங்காய்க்கு யார் சொல்வது?

ஆனால் அந்தக் கம்பால் மாங்காய் பறிப்பதை விட்டுவிட நான் முடிவு செய்ததற்குப் பூட்டு மட்டும் காரணமில்லை. எங்கள் மா மரத்தின் ஒரு கிளை சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் போகிறது. தெருவில் எல்.டி. லைன், அதாவது வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்கிற லைன், உறையில்லாத வெறும் கம்பி. லைன்மேன் என்றால் கரண்ட் பயம் இருக்காது என்று நினைப்பார்கள். எங்களுடைய டெலிபோன் லைன் 48 வோல்ட் டி.சி., கையில் பிடித்தாலும் தெரியாது. ஆனால் டி.பி. பெட்டியில் இரண்டு ஒயரையும் விரலில் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அந்த நம்பருக்கு யாராவது போன் போட்டால் மணியடிக்கிற மின்சாரம் வரும், அது 75 வோல்ட் ஏ.சி. விரலில் தேள் கொட்டினது மாதிரி இருக்கும். போஸ்ட் உச்சியில் நின்றுகொண்டு நான் கெட்ட வார்த்தை பேசக் கற்றுக்கொண்டது அப்படித்தான். அந்த 75-க்கே அந்தப் பாடு. தெருவில் போகிறது 230, ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவில் 400-க்கு மேல். அதை விரலால் இல்லை, முழங்கை வரை வியர்த்த இரண்டு கையாலும் இறுகப் பிடித்த பதினோரு அடி அலுமினியத்தால் தொட்டால்? கையை விடலாம் என்று நினைத்தாலும் விரல் விடாது. தசை இறுகிக்கொள்ளும்.

கம்போடு வந்த காகிதத்தில் மின்கம்பி பற்றி ஒரு வரி இருந்தது. ஆறாவது பாயிண்ட், எறும்பு அளவு எழுத்து. இந்த ஒரு விஷயத்துக்காகவே அலுமினியக் கம்பை வீட்டுக்குள் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கார்பன் ஃபைபர் என்று இன்னொரு வகை வருகிறது. கர்நாடகத்தில் சிர்சி, சிவமொக்கா பக்கம் பாக்குத் தோட்டக்காரர்கள் அதை வைத்துத் தரையில் நின்றபடியே மருந்தடிக்கிறார்கள், குலை அறுக்கிறார்கள். பாக்கு மரம் எவ்வளவு உயரம் என்று தெரியும்தானே, அந்த உயரத்துக்கும் தூக்கிப் பிடிக்கிற அளவு எடை குறைவு. விலை வீட்டுக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. பெயரில் ஃபைபர் இருப்பதால் ஷாக் அடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள், கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும். நான் வாங்கியது கண்ணாடி இழை ஃபைபர். அதுவும் காய்ந்து சுத்தமாக இருக்கிறவரைதான். மழையில் நனைந்த கம்பு, அழுக்குப் படிந்த கம்பு, நுனியிலிருந்து நனைந்த கயிறு தொங்குகிற கம்பு எதையும் நம்பக் கூடாது. மூங்கிலுக்கும் இதுவே.

சரி, இரண்டாவது கம்புக்கு வருகிறேன்.

இந்த முறை ஆன்லைன் வேண்டாம், கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவது என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனேன். அண்ணாச்சி மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று மறுபடியும் திருகுப் பூட்டு, அதை எடுக்கும்போதே வேண்டாம் என்றேன். இன்னொன்றில் உள்குழாயில் ஸ்பிரிங் வைத்த பித்தான், வெளிக்குழாயில் அடிக்கொரு துளை. பித்தான் துளைக்குள் வந்து உட்கார்ந்தால் இழுத்தாலும் தள்ளினாலும் அசையாது, திருப்பினாலும் கழலாது. எனக்கு அதுதான் பிடித்தது, ஆனால் கடையில் இருந்தது 8 அடிதான். மூன்றாவது, வெளிப்பக்கம் நெம்புகோல் வைத்த பிடி. சைக்கிள் சீட்டை ஏற்றி இறக்கப் போடுவார்களே, அந்த மாதிரி. நெம்பை மடக்கினால் வளையம் இறுகும். எவ்வளவு இறுக வேண்டும் என்று ஒரு சின்னத் திருகாணியால் சரிசெய்துகொள்ளலாம். நாள்பட்டுத் தளர்ந்தால் நாமே அரைச் சுற்று முடுக்கிக்கொள்ளலாம் என்பதுதான் இதில் பெரிய சௌகரியம். 

இந்த மூன்றாவதை வாங்குவதற்கு முன் கடை வாசலிலேயே முழுக்க நீட்டினேன். நுனியை அண்ணாச்சி கடைப் பையனிடம் கொடுத்து, “தம்பி, நல்லாப் பிடிச்சுக்க” என்று சொல்லிவிட்டு என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். பையன் இரண்டடி நகர்ந்து வந்தான், கம்பு பிரியவில்லை. அண்ணாச்சி, “ஏன்யா, கம்பை வாங்க வந்தீரா, கயிறு இழுக்க வந்தீரா?” என்று சிரித்தார். இப்படி இழுத்துப் பார்க்காமல் யாரும் வாங்காதீர்கள். அப்புறம் நுனியைத் தரையில் ஊன்றி, அடிக்குழாயைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். வட்டக் குழாயாக இருந்தால் கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். என்னுடையதும் சுற்றியது, திருகாணியை முடுக்கியதும் நின்றது.

மடக்கினாலும் ஆறடிக்கு மேல் நீளம். எக்ஸ்.எல். வண்டியில் முன்னால் சாய்த்து வைத்துப் பேரனைப் பின்னால் உட்காரவைத்துப் பிடிக்கச் சொல்லி வந்தேன். வழியில் தெரிந்தவர்கள் எல்லோரும் நிறுத்தி மீன் பிடிக்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள்.

வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்தேன், 2 கிலோ 400 கிராம். அலுமினியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். முதல் நாள் பத்து நிமிஷத்திலேயே தோள் பிடித்துக்கொண்டது. இது பலத்தைவிடப் பழக்கத்தைப் பொறுத்தது. கம்பைப் படுக்கை வாட்டில் நீட்டிக் காயைத் தேடக் கூடாது. காய்க்குக் கீழே போய் நின்று, கம்பைக் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏற்றி, காய் வலைக்குள் வந்த பிறகு அப்படியே கை மாற்றி மாற்றிக் கீழே இறக்க வேண்டும். கால் கிலோ மாங்காய்தானே என்று படுக்கை வாட்டில் பிடித்தால், நுனியில் இருக்கிற கால் கிலோ பின்கையில் இரண்டு கிலோவாகத் தெரியும். கம்பின் சொந்தக் கனம் அதற்கு மேல். நுனி வளைவதும் அப்படித்தான். அதே கனத்துக்குக் கம்பின் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். எட்டடியில் அம்பு மாதிரி நிற்கிற கம்பு பதினாறடியில் தூண்டில் மாதிரி ஆடும். ஆகவே தேவைக்கு மேல் ஓரடியும் நீட்டாதீர்கள். தாழ்ந்த கிளைகளை இரண்டு குழாயில் முடித்துவிட்டு, கடைசியாக உச்சிக்கு மட்டும் மூன்றாவதை எடுங்கள்.

இதோடு வந்த பறிப்பானில் வளையத்தின் உதட்டில் சின்னக் கத்தி இருக்கிறது. இழுத்துப் பிய்ப்பதற்கும் வெட்டுவதற்கும் இருக்கிற வித்தியாசம் மாங்காய்க்குத்தான் தெரியும். பிய்த்த காயில் காம்பு அடியோடு போய்விடும், அந்தக் குழியிலிருந்து பால் பீய்ச்சும். பால் வடிந்த இடத்தில் தோல் கருத்துப்போகும், பழுத்த பிறகு அங்கிருந்துதான் அழுகும். நம் கண்ணில் பட்டால் கண், கையில் பட்டால் கை என்று அதுவும் தனிக் கதை. கத்தியால் வெட்டினால் ஓரங்குலக் காம்போடு வருகிறது. எல்லாக் காயும் அப்படி வரும் என்று சொல்ல மாட்டேன், பத்தில் ஆறு ஏழு. வலையில் இரண்டு காய்க்கு மேல் சேர்க்காதீர்கள், மூன்றாவது விழும்போது முதலாவதன் மண்டையில்தான் விழுகிறது. இப்படி ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் 118 காய் இறக்கினேன். சாக்குப் பிடிக்க ஆள் இல்லை, ஏணி இல்லை, தரையில் விழுந்தது நான்கே நான்கு. வைக்கோலில் பழுக்கப் போட்டதில் அந்த வருஷம் கெட்டது ஒரு கை எண்ணிக்கைதான். வீட்டுக்காரி 3,400 ரூபாயைப் பற்றிப் பேசுவதை அன்றைக்குத்தான் நிறுத்தினாள்.

குறை இல்லாமல் இல்லை. வலை நைலான், தையல் மூன்றாம் வாரத்தில் பிரிந்தது. மீன் வலை பின்னுகிற நூலால் நானே மறுபடி கட்டினேன். பறிப்பானைக் கம்போடு சேர்க்கும் திருகாணிகள் மட்டமான இரும்பு, ஒரே மழையில் துரு. எட்டணா சாமானில் மிச்சம் பிடித்து நாலாயிரம் ரூபாய்ச் சரக்கின் பெயரைக் கெடுப்பது எந்தக் கணக்கோ தெரியவில்லை. துருப்பிடிக்காத திருகாணி நான்கு வாங்கி மாற்றிவிட்டேன். நெம்புகோல் மடங்கும்போது ஆள்காட்டி விரலின் சதை நடுவில் மாட்டும், எனக்கு இரண்டு தடவை ரத்தம் கட்டியது. இது எல்லாவற்றையும்விட முக்கியம், ஃபைபரை வெயிலில் போடாதீர்கள். வெயில் பட்டுப் பட்டு மேல்பூச்சு பொடிந்தால் கண்ணாடி இழை வெளியே தலைகாட்டும், பிடித்த கை அன்றைக்கு முழுக்க அரிக்கும். டிபார்ட்மெண்டில் பழைய ஃபைபர் சாமான்களைத் தூக்கியவர்களுக்கு அந்த அரிப்பு தெரியும். நான் கம்பைக் கொட்டிலுக்குள் இரண்டு ஆணியடித்துப் படுக்கை வாட்டில் மாட்டி வைத்திருக்கிறேன்.

மாட்டுகிற தலைப்பாகங்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒருவர் கம்புக்கு இன்னொருவர் தலை பொருந்தாது. அமெரிக்காவில் பெயிண்ட் கம்புகளுக்கும் துடைப்பான் கம்புகளுக்கும் முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு ஐந்து மரை என்று ஒரே அளவு புழங்குகிறது. யார் கம்பில் யார் உருளையையும் திருகலாம். நம் கடைகளில் ஆளுக்கொரு மரை. என் அலுமினியக் கம்பின் மரையில் கடையில் வாங்கிய ஒட்டடைத் தூரிகை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை. கடைசியில் வேப்பங்குச்சியைச் சீவி ஆப்பு வைத்து, மேலே ஒரு ஹோஸ் கிளிப் போட்டு முடுக்கிவிட்டேன். பதினைந்து ரூபாய். அந்தத் தூரிகையை வளைத்து ஃபேன் இறக்கையின் மேல்பக்கமும் துடைக்க முடிகிறது. அழுத்தித் தள்ளுகிற வேலைதான், அலுமினியம் முகம் சுளிக்காமல் செய்கிறது. ஃபேனை நிறுத்தி, சுவிட்சையும் அணைத்த பிறகு. இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தென்னைக்கு இந்தக் கம்பை யாரும் முயற்சி செய்ய வேண்டாம். எங்களுடையது குட்டை ரகம், எட்டும்தான். ஆனாலும் தேங்காய்க் காம்பை அறுக்க அரிவாள் வேண்டும், அரிவாளுக்கு வீச்சு வேண்டும், மூன்று துண்டு குழாயில் அந்த வீச்சு கிடையாது. மேலும் விழப்போவது மாங்காய் இல்லை. நேரே கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டு செய்கிற வேலைக்கு ஒன்றரைக் கிலோ தேங்காய் ஏற்றதில்லை. ஒற்றை மரத்துக்கு ஆள் வரமாட்டேன் என்கிறார்கள்தான், பக்கத்து வீடுகளில் ஐந்தாறு மரம் சேர்த்துச் சொல்லிவிட்டால் வருகிறார்கள்.

முருங்கைக்கும் பழைய தொரட்டியேதான். முருங்கை சும்மாவே ஒடியும், கொக்கியை மாட்டி ஒரு சுண்டு சுண்டினால் காய் கொத்தோடு கையில் வரும். அதற்குப் போய் இரண்டு நெம்புகோலை மடக்கிக்கொண்டிருக்க முடியாது. கம்பளிப்பூச்சி மொய்க்கும் காலத்தில் மூங்கில் நுனியில் துணியைச் சுற்றித் தீப்பந்தம் கட்டுவோம், ஃபைபரில் அதைச் செய்தால் கம்பும் சேர்ந்து எரியும்.

யாராவது என்னைக் கேட்டால், ஒட்டடைக்கும் ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் மட்டும் என்றால் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற அலுமினியம் போதும், ஆனால் 8 அடிக்கு மேல் வாங்காதீர்கள், அதற்கு மேல் வீட்டுக்குள் திருப்பவே முடியாது. வெளியே மரத்துக்கு என்றால் கண்ணாடி இழை, நெம்புகோலோ பித்தானோ வைத்த பூட்டு, அதுவும் இழுத்துப் பார்த்து. விற்பவர் இழுத்துப் பார்க்க விடவில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள். என் கணக்கில் முதல் கம்புக்குப் பத்துக்கு நாலு, இரண்டாவதுக்கு ஏழரை. அந்தத் துருப்பிடித்த திருகாணி இல்லாவிட்டால் எட்டு.

தெருப்பக்கம் போகிற அந்தக் கிளையை நான் இரண்டு கம்பாலும் தொடவில்லை. கம்பை முழுக்க நீட்டி, அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் லைனைத் தொடாத இடத்தில் நின்றுதான் பறிப்பது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், அந்தக் கிளை அதற்குள் அடங்கவில்லை. ஈ.பி.யில் எழுதிக் கொடுத்திருந்தேன். வைகாசியில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய ஒரு நாள் மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் என்ன கம்பு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க நான் வாசலுக்கு ஓடினேன். நீள மூங்கில், நுனியில் அரிவாள், சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நாலு வீச்சில் கிளை தெருவில் கிடந்தது. அதில் இருந்த இருபத்தாறு காயையும் மதினி ஒரு பிளாஸ்டிக் வாளியில் பொறுக்கிக்கொண்டு போனார். மறுநாள் ஊறுகாய் போட்டு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்.